தென்னை, குடை, மணி

அப்பாவுக்கு வந்திருப்பது மறதி நோய் என்று டாக்டர் சொன்னபோது அம்மா அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“என்னிய மறந்துடுவாரா சார்?”

செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. நரம்பு டாக்டரின் அறை. வெளியே பெஞ்சு முழுக்க ஆட்கள் இருந்தும் டாக்டர் அவசரப்படாமல்தான் பதில் சொன்னார். “ஒரே நாள்ல எல்லாம் போயிடாதும்மா. மெதுவாத்தான் போகும். எது முதல்ல, எது கடைசியிலனு யாராலயும் சொல்ல முடியாது.”

“நான் வுடமாட்டேன் சார்,” என்றாள் அம்மா. டாக்டர் சிரித்தார். பெண்சாதி பேசுகிற வீராப்பு என்று நானும் நினைத்துக்கொண்டேன். அதற்குள் அவளுக்கு ஒரு திட்டம் பிறந்துவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்பா எலக்ட்ரீஷியன். அணுசக்தித் துறையின் அணுபுரம் டவுன்ஷிப் வீடுகளில் ஃபேன் நின்றாலும் லைட் எரியாவிட்டாலும் அவர்தான் போவார். ரிட்டையரான பிறகு, டவுன்ஷிப்புக்குக் கொஞ்சம் தள்ளி, சொந்தமாகக் கட்டிய வீட்டில் அம்மாவும் அவரும் மட்டும் இருந்தார்கள். நான் ஊரப்பாக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். சொந்த வீட்டில் நடந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு யோக்கியதை இல்லாமல் போனது வேறு கதை.

முதலில் சுவிட்ச் போர்டைத் தலைகீழாக மாட்டினார். கண் சரியில்லை என்றோம். திருக்கழுக்குன்றம் சந்தையில் வெங்காயம் வாங்கி வந்து, அதே பையை எடுத்துக்கொண்டு மறுபடி வெங்காயம் வாங்கப் போனார். ரிட்டையரானவருக்குப் பொழுது போகவில்லை என்றோம். ஒருநாள் ஓடாத ஃபேனுக்கு அடியில் ஸ்டூல் மேல் ஏறி, கையில் டெஸ்டரோடு, எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் அப்படியே நின்றார். இறங்கச் சொன்னால் இறங்கவும் பயம். வாழ்நாள் முழுக்க ஸ்டூல் மேலேயே நின்ற மனுஷன். அன்றைக்குத்தான் டாக்டரிடம் போகலாம் என்றேன்.

டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு, வைட்டமின், சர்க்கரை. அப்புறம் தலைக்கு ஸ்கேன். சில மறதிகளுக்குக் காரணம் மூளைக்கு வெளியே இருக்கும், அப்படியிருந்தால் சரிசெய்துவிடலாம், அதுவா என்று முதலில் பார்க்கிறேன் என்றார். ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நார்மல். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, “பாத்தியா, ஒன்னுமே இல்ல,” என்றாள். நான் மட்டும் ரிப்போர்ட்டை மறுபடி முதலிலிருந்து படித்தேன். இந்த ஒரு இடத்தில் நார்மல் என்பதுதான் கெட்ட செய்தி. சரிசெய்யக்கூடிய காரணம் எதுவும் அகப்படவில்லை என்று அர்த்தம்.

அதற்குப் பிறகுதான் கேள்விகள். இது என்ன மாசம், என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறோம், எத்தனையாவது மாடி. மூன்று வார்த்தை சொல்கிறேன், கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்பேன் என்றார்: தென்னை, குடை, மணி. அப்பா வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். கிழமை தெரியவில்லை. மாடி தெரியவில்லை. வார்த்தைகளைத் திருப்பிக் கேட்டபோது, “எந்த வார்த்த?” என்றார். கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார் டாக்டர். அப்பா அழகாக ஒரு வட்டம் போட்டார். அதற்குள் சைபரிலிருந்து ஐந்து வரை எண் எழுதினார். நடுவில் ஒரு குமிழ். ஃபேன் ரெகுலேட்டர். கோடு கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதைப் பார்த்து நான்தான் வெளியே ஓடிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அல்சைமர் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். இது நோயை நிறுத்தாது, சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிடுங்கள் என்றார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

சாவி விஷயத்தில்தான் வீடு ரெண்டுபட்டது. அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தே ஊர் பார்த்தவள். கோயிலுக்கு, சதுரங்கப்பட்டினத்து மீனுக்கு, செய்யூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஸ்கூட்டர்தான். நான் சாவியைக் கேட்டபோது அப்பா கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

“ரிட்டேரானப்பகூட இப்டி இல்லடி அவரு,” என்றாள் அம்மா. “கைய ஒடிச்சி வாங்கினா மாரி கீது.”

மூன்று மாதம் கழித்து ரெவ்யூவுக்குப் போனோம். ஒரு வியாழக்கிழமை. கேள்வி வரவர அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கிழமை சொன்னார். மாசம் சொன்னார். செங்கல்பட்டு என்றார், மூணாவது மாடி என்றார். தென்னை, குடை, மணி என்று ஒன்றுவிடாமல் சொன்னார். கடிகாரத்தில் பன்னிரண்டு எண்ணும் இருந்தன. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “சிலருக்கு மாத்திரை இப்படிக் கேக்கும். ரொம்ப சந்தோஷம்.” வண்டியைப் பற்றி அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நான் வருகிற வழியில் லட்டு வாங்கி, மறுநாள் ஆபீஸ் முழுக்கக் கொடுத்தேன். அப்பாவுக்குச் சரியாகிக்கொண்டு வருகிறது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அம்மா அன்று மாலையே, நான் பீரோவில் வைத்துவிட்டு வந்திருந்த சாவியை எடுத்து அப்பாவின் கையில் வைத்துவிட்டாள். பாஸானவருக்குப் பரிசு. தான் பின்னால் உட்கார்ந்து, லெஃப்ட்டு மாமா, ரைட்டு மாமா என்று வழி சொல்லிக்கொண்டே ஊர் சுற்றியிருக்கிறாள். எனக்கு இது எதுவும் தெரியாது.

பிறகு ஒரு திங்கட்கிழமை, நான் ஆபீஸில் இருந்தபோது போன் வந்தது. தெரியாத பெண் குரல். மாமல்லபுரம் தாண்டி, ஈ.சி.ஆர். ஓரம் இளநீர் விற்கிறவர். “ஒரு பெரியவரு, வண்டில பெட்ரோலு தீந்துபோயி நின்னுகினுகீறாரு. இன்னா கேட்டாலும் ஒரே மாரி பேசறாரு. டிக்கில இந்த நம்பர் ஒட்டியிருந்துச்சி.” ஒட்டியது நான்தான். சாவி வாங்குவதற்கு முன்பே ஒரு பயத்தில் ஒட்டியது. வீட்டுக்குப் போன் போட்டால், “மீனு வாங்கப் போனாரு, இன்னும் காணோம்,” என்று அம்மா அலறினாள்.

கூட வேலை செய்கிறவரின் காரில் அழுதுகொண்டே போனேன். சவுக்குத் தோப்பு நிழலில், இளநீர்க்கடை ஸ்டூலில், அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு கால் செருப்பைக் காணோம். மீன் பை கையிலேயே இருந்தது, காலியாக. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தெரிந்த முகம் என்பதால் இல்லை, பயத்தில்.

“ஐயா, எந்த ஊரு?” என்று இளநீர்க்கார அக்கா எனக்காக இன்னொரு தடவை கேட்டார்.

அப்பா கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு சொன்னார்: “செங்கல்பட்டு. மூணாவது மாடி. வியாழக்கெழம. தென்ன, கொட, மணி.”

“இதாம்மா. பேர கேட்டாலும் இதான், பசிக்குதான்னு கேட்டாலும் இதான்.”

ரெவ்யூவில் டாக்டரிடம் சொன்ன அதே பதில்கள். காலையில் சாப்பிட்டதை மதியம் மறக்கிறவருக்கு, எப்போதோ ஒரு டாக்டர் சொன்ன மூன்று வார்த்தை எப்படி ஒட்டிக்கொண்டிருக்கும்? யாரோ உட்கார வைத்து, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார்கள். யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்கிறவள் ஒருத்திதான்.

அம்மா அஞ்சாவதோடு நின்றவள். அவள் அப்பாவும் என் அப்பாவின் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தச் சேற்றிலிருந்து நாங்கள் கரை ஏறியது பரீட்சையைப் பிடித்துக்கொண்டுதான். அதற்கு அம்மாதான் கங்காணி. சாயங்காலம் விளக்கு வைத்ததும் நான் முகம் கழுவி, தலை வாரி, அவள் எதிரில் சப்பணம் போட்டு உட்கார வேண்டும். புத்தகத்தை அவள் மடியில் வைத்துக்கொள்வாள். பாதி எழுத்து அவளுக்குப் புரியாது. ஆனால் நான் ஒப்பிக்கும்போது எங்கே தடுமாறுகிறேன் என்பது மட்டும் காதுக்குத் தெரிந்துவிடும். “இன்னோரு வாட்டி சொல்லு,” என்பாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பாள். அப்பா எலக்ட்ரீஷியனுக்கான டிரேட் டெஸ்ட் எழுதி நிரந்தர வேலைக்குப் போனதும் இதே மாதிரி அவள் எதிரில் உட்கார்ந்து ஒப்பித்துத்தான். எங்கள் வீட்டில் கேள்வி என்று ஒன்று வந்தால் அதற்குப் பாஸாக வேண்டும். டாக்டர் கேட்டாலும் சரி, யார் கேட்டாலும் சரி.

அன்று அப்பாவை வீட்டில் விட்டதும் நான் அம்மா மேல் பாய்ந்தேன். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு வேலி கிடையாது. உனக்கு மூளை இருக்கிறதா, அவர் லாரியில் அடிபட்டிருந்தால் என்ன செய்வாய், டாக்டரை ஏமாற்றி யாருக்கு லாபம் என்று கத்தினேன். அவளும் கத்தினாள்.

“நான் இன்னாடி ஏமாத்தனேன்? மறக்கறதுதான நோவு? அப்ப மனப்பாடம்தான மருந்து?”

மூச்சு வாங்கிக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

“உங்களுக்கெல்லாம் அப்டித்தான படிப்பு வந்துச்சி? அவரு நல்லாத்தான் சொன்னாரு. தெனம் சொன்னாரு. அப்டியே ஒவ்வொன்னா சொல்லிக் குடுத்துகினே வந்தா, கடசில நான் இன்னாருன்னு நெனப்பு நிக்கும்னு பாத்தேன். தப்பா?”

கத்துவதை நிறுத்திவிட்டுச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்பா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, நாங்கள் போட்ட சத்தத்தில், உதடு மட்டும் அசைய எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன என்று கிட்டே போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் திட்டவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “அதே வார்த்தைய நானும் மறுபடி கேட்டிருக்கக் கூடாது,” என்றார். பிறகு அப்பாவிடம் திரும்பி, இந்த முறை வேறு விதமாகப் பேச ஆரம்பித்தார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். என்னைக் காட்டி யார் என்றார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நம்ம பொண்ணு மாரி கீது,” என்றார். மாதிரி இருக்கிறதாம். போகட்டும், அதுவே எனக்குப் பெரிது.

அப்புறம் டாக்டர் அம்மாவைக் காட்டினார். “இவங்க யாரு ஐயா?”

இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. அம்மா இதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். அப்பா உடனே நிமிர்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“டீச்சரு,” என்றார்.

அப்பா டாக்டர் பக்கம் சாய்ந்து, அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்பது போலத் தணிந்த குரலில் சொன்னார்: “நல்ல டீச்சருதான் சார். அடிக்க மாட்டாங்கோ. சத்தம்தான் போடுவாங்கோ.”

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது.

டாக்டர் அப்பாவை நர்ஸோடு வெளியே அனுப்பிவிட்டு எங்களிடம் பேசினார். மனப்பாடம் செய்வதால் இந்த நோய் நிற்காது. புதிதாக ஒன்றை வைத்துக்கொள்கிற இடம்தான் முதலில் கெடுகிறது. எத்தனையோ தடவை இடித்தால் ஒரு வரி உள்ளே போகலாம். ஆனால் எதற்காக அது என்பது உள்ளே போகாது. கேள்வி கேட்டுக் கேட்டு அவருக்கு வந்த பயம் மட்டும் தங்கிவிடும். நடந்தது மறந்துபோகும், அது தந்த பயமோ சந்தோஷமோ சீக்கிரம் போகாது. “இனிமே பரீட்சை வேண்டாம்மா,” என்றார். “அவர் எது சொன்னாலும் சரின்னு சொல்லுங்க. அவர் இருக்கிற இடத்துக்கு நீங்க போங்க. அவரை இங்க இழுக்காதீங்க.”

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். திருக்கழுக்குன்றம் வரைக்கும் மாத்திரைச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே, “அஞ்சாங்கிளாஸ் படிச்சவள போயி டீச்சர்ன்றாரு பாரு உங்கப்பன்,” என்றாள். சிரிக்கத்தான் முயன்றாள். அது அழுகையாகத்தான் வந்தது. முன் சீட்டில் அப்பா வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக வந்தார்.

பாடத்தை அம்மா அன்றோடு நிறுத்திவிட்டாள். அப்பா நிறுத்தவில்லை. விளக்கு வைத்ததும் முகம் கழுவி, தலையைப் படிய வாரிக்கொண்டு, அவள் எதிரில் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பாடம் இல்லை என்றால் ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போலப் பார்ப்பார். அதனால் அம்மா கேட்பாள். இன்று என்ன கிழமை? அப்பா சொல்வார், எதையாவது. “கரெக்ட்டு,” என்பாள் அவள். இது என்ன மாசம்? கரெக்ட்டு. அவர் எது சொன்னாலும் நூற்றுக்கு நூறு. என் பத்தாம் வகுப்பில் ஒரு வரி தடுமாறியதற்குச் சோறு போடாமல் உட்கார வைத்தவள்தான் இவள்.

அதோடு முடிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஒருநாள் பாடம் முடிந்ததும் அப்பா எழுந்து வாசல் கேட்டுக்குப் போனார்.

“டீச்சர், நான் போறேன். வூட்ல தேடுவா.”

“யாரு தேடுவா?”

“எம் பொஞ்சாதி.”

அம்மா சொல்லிப் பார்த்தாள். இதுதான் வீடு, நான்தான் உன் பொண்டாட்டி என்று கையைப் பிடித்துச் சொன்னாள். அவர் கையை உதறினார். பூட்டிய கேட்டைப் பிடித்து உலுக்கினார். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். தினமும் சாயங்காலம் இதே ரகளை. அவள் எந்த மனுஷனைப் பிடித்து வைத்துக்கொள்ளப் போராடினாளோ, அந்த மனுஷன் அவளிடமிருந்து தப்பித்து அவளிடமே போகத் துடித்தார். நான் ஞாயிற்றுக்கிழமை போகும்போது இதைப் பார்த்துவிட்டு, திரும்பிவரும் ரயிலில் முகத்தை மூடிக்கொண்டு வருவேன். ஏசு சாமியிடம்கூடச் சண்டை போட்டேன். ஒரு பெண்ணைச் சோதிக்க இதைவிட வேறு வழியே கிடைக்கவில்லையா என்று.

ஒருநாள் அம்மாவுக்குச் சலித்துவிட்டது. “சரி, பெல் அடிச்சாச்சி, போ,” என்று சொல்லிவிட்டாளாம். கேட் பூட்டியிருந்தது. அப்பா வேறு வழி தேடி, சுவர் ஓரமாக இருக்கிற சந்தில் நடந்திருக்கிறார். அந்தச் சந்து முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுச் சமையலறைப் பின்வாசலுக்குத்தான் போகும். செருப்புச் சத்தம் பின்பக்கம் போவது கேட்டு, அம்மா வீட்டுக்குள்ளேயே ஓடிப் பின்கதவைத் திறந்திருக்கிறாள். அடுப்பில் டீ இருந்தது.

“வந்துட்டியா மாமா?” என்றாளாம்.

“வந்துட்டேன்மே,” என்றாராம் அப்பா. “டீச்சரு வுடறதுக்கு நேரமாயிடுச்சி.”

அம்மா அப்போதே எனக்குப் போன் செய்தாள். நோய் என்று தெரிந்த அன்று அழாதவள், போனில் தேம்பித் தேம்பி அழுதாள். “மேன்னு கூப்ட்டாருடி. கல்யாணமான நாள்லேர்ந்து கூப்புடறா மாரியே என்னிய மேன்னு கூப்ட்டாரு.”

அதிலிருந்து தினமும் இதுதான் வழக்கம். பாடம் நடக்கும். பெல் அடித்தாச்சு என்று அம்மா சொல்வாள். அப்பா வணக்கம் வைத்துவிட்டு முன்வாசல் இறங்கிச் சந்துக்குள் திரும்புவார். முழங்கால் வலிக்காரி அம்மா, கூடத்தைத் தாண்டி ஓடுவாள். ஓடும்போதே கொண்டையைத் தளர்த்தி, தலைப்பை இடுப்பில் செருகி, பின்கதவைத் திறந்து டம்ளரோடு நிற்பாள். நல்ல நாளில் அந்தப் பின்வாசலில் அவளுக்குப் புருஷன் கிடைப்பான். வெங்காயம் வாங்கணுமா மே என்று பேசுவான். அந்த டீ தீருகிற வரைக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சமையலறையில்தான் இருந்தேன். பெல் அடித்தாயிற்று. அம்மா மூச்சிரைக்க ஓடிவந்து கதவைத் திறந்தாள். அப்பா முருங்கை மரத்தடியில் வந்து நின்றார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். மேல் பொத்தானைத் தடவிக்கொண்டார்.

“இங்கியும் நீங்கதானா டீச்சர்?”

அம்மா தளர்ந்த கொண்டையை ஒரு கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “ஆமா,” என்றாள். டம்ளரை நீட்டினாள். “குடி மாமா, ஆறிடப் போவுது.”